கெம்போங் எங்கே போகும்?

மலாக்காத் தமிழர் வீடுகளில் அதிகமாகக் குழம்பு வைத்த மீன் எது என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்வார்கள்: கெம்போங். தெங்கிரியும் வௌவாலும் விருந்தாளி வரும் நாளுக்கு. மற்ற நாளெல்லாம் புளிக்குழம்புக்கும் கெம்போங், மிளகாய் அரைத்துத் தடவிப் பொரிப்பதற்கும் கெம்போங். பால்மரம் சீவிய காலத்தில், சம்பளம் போட்ட மறுநாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்த மீன்காரர்கள் அதிகம் விற்றதும் இதைத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடலைப் பார்க்காமலே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் அந்த ஐஸ் பெட்டிதான்.

சில வாரங்களுக்கு முன், நான் நடத்தும் காலை நிகழ்ச்சியில் பொருள் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஜாசின் பக்கத்திலிருந்து அழைத்த ஓர் அம்மா கேட்டார்: "ஏம்மா, முன்னெல்லாம் ஆளுக்கு ரெண்டு கெம்போங் வச்சா வயிறு நெறஞ்சிரும். இப்ப நாலு வச்சாலும் தட்டு நெறைய மாட்டேங்குது. வெல மட்டும் ஏறிக்கிட்டே போவுது. கடல்ல என்னதாம்மா நடக்குது?"

வானொலியில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. "கடல் சூடாகிறது அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம். பொய்யில்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி கடலுக்குள் இல்லை; படகிலும் வலையிலும் சட்டத்திலும் சந்தையிலும் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் சேர்த்துச் சொல்ல இந்தப் பக்கம் தேவைப்பட்டது.

மீனின் மூச்சு

முதலில் சூட்டுக் கணக்கு. தொழிற்சாலைப் புகையும் வண்டிப் புகையும் பூமியைப் போர்வை போல் மூடியிருப்பதால் வெளியேற முடியாமல் தங்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகக் கடல் மேற்பரப்பின் சராசரி வெப்பம் 0.88 டிகிரி கூடியிருக்கிறது.

ஒரு டிகிரிகூட இல்லையே என்று தோன்றும். நமக்கு அது ஒன்றுமில்லைதான். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் நம் உடம்புச் சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். பெரும்பாலான மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. சுற்றியுள்ள நீரின் சூடே அவற்றின் உடம்புச் சூடு. நீர் சூடானால் உடம்புக்குள் எல்லா வேலையும் வேகமாகும். இரை அதிகம் வேண்டும், ஆக்சிஜன் அதிகம் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. மாதக் கடைசியில் குடும்பம் நடத்துபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடம்பு பெரிதாகப் பெரிதாக இந்த நெருக்கடியும் பெரிதாகும் என்பது டேனியல் பாலி என்ற மீனியல் அறிஞரின் கருத்து. பல ஆண்டுகள் மணிலாவில் இருந்து நம் தென்கிழக்காசியக் கடல்களை ஆராய்ந்தவர் அவர். அவரும் வில்லியம் சியுங்கும் மற்றவர்களும் சேர்ந்து 600க்கும் மேற்பட்ட மீன் இனங்களைக் கணினியில் கணக்கிட்டு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புகை இப்படியே கூடிக்கொண்டு போனால், 2000க்கும் 2050க்கும் இடையில் மீன்கள் எட்டக்கூடிய உச்ச எடை சராசரியாக 14 முதல் 24 விழுக்காடு வரை குறையலாம் என்றது அது. காரணம் ஆக்சிஜன் மட்டும்தானா என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சூடான நீரில் பல மீன் இனங்கள் சீக்கிரமே பருவமடைந்து சிறிய உருவத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது பல இடங்களில் பார்க்கப்பட்டதே.

சந்தைத் தட்டில் மீன் சிறுத்திருக்க இது ஒரு காரணமாகலாம். இன்னொரு காரணமும் உண்டு: வளர்வதற்கு முன்பே பிடித்துவிடுவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கரையில் நடந்தது

சூடு கூடினால் மீன் என்ன செய்யும்? அதை அறிய வங்காள விரிகுடாவுக்கு அக்கரையில் போய்ப் பார்க்க வேண்டும். நம் கெம்போங்கும் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் பெயர் கானாங்கெளுத்தி. அறிவியல் பெயரான ரஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா என்பதிலுள்ள 'கனகுர்தா'வே ஆந்திரக் கரையில் மீனவர் வாயிலிருந்து எடுத்த பெயர்தான். விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி பாட்ரிக் ரசல் 1803இல் வெளியிட்ட நூலில் அது ஏறி, அங்கிருந்து உலக அறிவியலுக்குப் போனது. இங்கே கெம்போங் என்ற பெயரில் அதன் நெருங்கிய உறவு மீன்களும் விற்கப்படுகின்றன.

இந்தியாவில் 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு, எந்தக் கரையில் எந்த மீன் எவ்வளவு இறங்கியது என்று பல பத்தாண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்த அதன் அறிவியலாளர் விவேகானந்தனும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று மாற்றங்களைக் கண்டார்கள்.

முதல் மாற்றம், இடம். மத்தி மீன் 1985 வரை ஏறக்குறைய முழுவதும் கேரள, கர்நாடகக் கரையில்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு வடக்கே மகாராஷ்டிரப் பக்கமும், கிழக்கே தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் கூட்டம் கூட்டமாகக் கிடைக்க ஆரம்பித்தது. முன்பு அதற்குக் குளிர்ச்சியாக இருந்த வட பகுதி நீர், சூடு ஏறி அதற்கு ஏற்றதாகிவிட்டது.

இரண்டாவது மாற்றம், ஆழம். கானாங்கெளுத்தி மேல்மட்ட நீரில் திரியும் மீன். 1985 முதல் 1989 வரை பிடிபட்டதில் 2 விழுக்காடு மட்டுமே கடலடியை வாரும் இழுவை வலையில் விழுந்தது. 2003 முதல் 2007 வரை அது 15 விழுக்காடானது. வலையின் அமைப்பு மாறவில்லை. மீன்தான் கீழே இறங்கியது. மேல் நீர் சூடாக, அடி நீரின் குளிர்ச்சியைத் தேடிப் போயிருக்கிறது.

மூன்றாவது மாற்றம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அது காலம். சென்னைக் கரையில் சங்கரா மீன் உண்டு. நாம் கெரிசி என்று வாங்கும் வகை. 1981 முதல் 1985 வரை, முட்டையிடும் நிலையில் இருந்த சங்கராக்களில் 35 விழுக்காடு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் காணப்பட்டன. 2000 முதல் 2004 வரை அது வெறும் 5 விழுக்காடு. மீதி எல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களுக்குப் போய்விட்டன. இருபது ஆண்டில் ஒரு மீன் தன் பிரசவ மாதத்தையே மாற்றிக்கொண்டது.

இடம் மாறியதால் மத்தி தப்பித்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் இறங்கிய மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட வரவில்லை. கடலின் மாற்றமும் குஞ்சு மீன்களை வாரியதும் சேர்ந்து வந்த வினை அது. மறு ஆண்டே 1 லட்சம் டன்னைத் தாண்டி ஏறியது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே கடனில் படகு வாங்கிய குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நம் நீரிணையில் ஆழம் எங்கே?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் மலாக்கா நீரிணை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளம். வடக்கே அகன்று, நம் பக்கம் வரவர ஒடுங்கி, தெற்கே 65 கிலோமீட்டர் அகலமாகிவிடும். அதன் தெற்குப் பகுதியில் ஆழம் 37 மீட்டரைத் தாண்டுவதே அரிது. பெரும்பாலும் 27 மீட்டர் அளவுதான். உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் சில, தரை தட்டும் என்று இந்த வழியே வராமல் சுற்றிப் போவது இதனால்தான்.

இந்தியக் கரையில் கானாங்கெளுத்தி சூடு தாங்காமல் கீழே இறங்கியது. இங்கே இறங்க இடம் ஏது? மாடி வீட்டில் மேல்தளத்தில் வெக்கை என்றால் கீழ்த்தளத்துக்கு வந்து படுக்கலாம். தகரக் கூரை போட்ட ஒற்றை லயத்து வீட்டில் எங்கே இறங்குவது?

வடக்கே போகலாம். அந்தமான் கடல் பக்கம் ஆழம் உண்டு. ஆனால் அங்கே போகும் மீன் தாய்லாந்து, இந்தோனேசியப் படகுகளின் வலையைத் தாண்டித்தான் போக வேண்டும். மீனுக்குக் கடப்பிதழ் கிடையாது. ஒரே கூட்டத்தை மூன்று நாடுகள் பிடிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது.

உம்பாய்ப் பக்கம் சிறு படகு வைத்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் டிகிரி கணக்கெல்லாம் பேசவில்லை. "முன்பு காற்றைப் பார்த்து மாதத்தைச் சொல்வேன், மாதத்தைப் பார்த்து மீனைச் சொல்வேன். இப்போது இரண்டும் சேர்வதில்லை" என்றார். மீன் தள்ளிப் போனால் நீங்களும் தள்ளிப் போகலாமே என்று கேட்டதற்குத் தன் படகின் இயந்திரத்தைக் காட்டிச் சிரித்தார். சிறிய இயந்திரம். எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகும் தூரம் வரைதான் அவருடைய கடல்.

குளிர் நாடுகளின் கதை வேறு. அங்கே ஒரு மீன் வடக்கே போனால், தெற்கிலிருந்து இன்னொரு மீன் வந்து காலி இடத்தை நிரப்பும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு அது நடக்காது. இங்கிருந்து ஓர் இனம் போய்விட்டால், இதைவிடச் சூடு பழகிய கூட்டம் எதுவும் பக்கத்தில் வரிசையில் நிற்கவில்லை. வில்லியம் சியுங் குழுவினர் 2010இல் வெளியிட்ட கணிப்பு இதை எண்ணில் சொன்னது: 2055க்குள் வெப்ப மண்டலக் கடல்களில் பிடிக்கக்கூடிய மீன் 40 விழுக்காடு வரை குறையலாம், துருவத்தை நோக்கிய கடல்களில் 30 முதல் 70 விழுக்காடு வரை கூடலாம். லாபப் பட்டியலில் நார்வே, கிரீன்லாந்து, அலாஸ்கா, ரஷ்யா. நட்டப் பட்டியலில் நம் எதிர்க்கரை இந்தோனேசியா. அது கணிப்புத்தான். ஆனால் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று காட்டுகிறது.

சூட்டுக்கு முன்னால் வந்த வலை

எல்லாப் பழியையும் சூட்டின் மீது போட்டுவிட்டால் நிறையப் பேருக்கு வசதியாகிவிடும். உண்மையில், சூடு வந்து சேர்ந்தபோது நம் கடல் ஏற்கெனவே பாதி காலியாகியிருந்தது.

1960களில் இழுவைப் படகுகள் இந்த நீரிணைக்கு வந்தன. மலாய் மொழியில் புக்காட் துண்டா. கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த வலைக்குப் பெரியது, சிறியது, தேவையானது, தேவையற்றது என்ற பேதம் கிடையாது. கரையோரச் சிறு மீனவர்களுக்கும் இழுவைப் படகுக்காரர்களுக்கும் கடலிலேயே மோதல் நடந்தது. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அந்தச் சண்டைகளுக்குப் பிறகுதான் 1981இல் கடலை வட்டாரங்களாகப் பிரிக்கும் உரிமக் கொள்கை வந்தது. கரையிலிருந்து முதல் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பாரம்பரிய வலைகளுக்கு மட்டும். இழுவைப் படகுகள் அதற்கு அப்பால். படகு பெரிதாகப் பெரிதாக இன்னும் தொலைவுக்குப் போக வேண்டும். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இன்றும் இந்த நிர்வாகத்தின் அடித்தளம். இழுவை வலையின் பின்பை வலைக்கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்ற விதியும் உண்டு. குஞ்சு தப்பிப் போகட்டும் என்பதற்காக.

விதி நல்ல விதி. ஆனால் இரவில் எல்லை தாண்டி வரும் படகையும், சிறிய கண் வலையையும் பற்றிய புகார்கள் ஓய்ந்தபாடில்லை. துறைமுகத்தில் 'இக்கான் பாஜா' என்று ஒரு குவியல் இறங்கும். உர மீன் என்று பொருள். மனிதர் தின்ன ஆகாது என்று அரைத்துத் தீவனமாக்கப்படும் அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தால், விரல் நீளக் குஞ்சுகளும் இருக்கும். ஒரு வருடம் விட்டிருந்தால் குழம்புக்கு வந்திருக்க வேண்டியவை.

விளைவு என்ன? மீன்வளத்துறை 2013 முதல் 2016 வரை நடத்திய ஆய்வைச் சுட்டி, அறுபது ஆண்டுக்கும் குறைவான காலத்தில் மலேசியா தன் கடலடி மீன் வளத்தில் 96 விழுக்காட்டை இழந்துவிட்டதாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். மலேசியா கூறுகிறது. கெராப்பு, சிவப்பு மீன் போன்றவை இந்தக் கடலடி வகை. கெம்போங் மேல்மட்ட மீன் என்பதால் அந்த எண்ணுக்குள் வராது. கடலடி காலியானதும் மேல்மட்ட மீன் மீது பாரம் கூடுவது மட்டும் இயல்பு.

கெராகாவ் சொல்லும் பாடம்

மலாக்கா என்றால் பெலாச்சானும் சிஞ்சாலோக்கும். இரண்டுக்கும் மூலப்பொருள் கெராகாவ் என்னும் பொடி இறால். உஜோங் பாசிரிலுள்ள போர்த்துகீசியர் குடியிருப்பின் மீனவர்கள் இடுப்பளவு நீரில் நடந்தே வலையைத் தள்ளி இதை அள்ளியவர்கள். அந்தச் சமூகத்துக்கே 'கெராகோ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, அவ்வளவு நெருக்கம். நம் வீட்டு அம்மியிலும் அந்த பெலாச்சான் அரைபட்டிருக்கிறது.

பொடி இறாலுக்கு வேண்டியது கரையோரச் சேறும் ஆழமில்லாத நீரும். கடந்த அரை நூற்றாண்டில் மலாக்கா நகரின் கரை எங்கே போனது என்று பாருங்கள். மலாக்கா ராயா, கோத்தா லக்சமானா, கிளேபாங்கின் ஒரு பகுதி, நீரிணைப் பள்ளிவாசல் நிற்கும் பூலாவ் மலாக்கா, எல்லாம் கடலை மண்ணால் நிரப்பி உண்டாக்கிய நிலம். இன்று நாம் கார் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும் இடங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் அலை அடித்தது. கடல் தங்கள் வாசலைவிட்டுத் தள்ளிப் போனதையும் கெராகாவ் குறைந்ததையும் போர்த்துகீசியர் குடியிருப்பு மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இதையும் சூட்டின் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆழமில்லாத கரையோர நீர்தான் சீக்கிரம் சூடாகும். அங்கேதான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும். அலையாத்தி மரங்களின் நிழலும், வேர்களும், சேறும் அவற்றுக்குத் தொட்டில். சூடு கூடும் காலத்தில் தொட்டிலைப் பெரிதாக்க வேண்டியிருக்க, நாம் அதன் மேல் மண்ணைக் கொட்டினோம். கோலா லிங்கிப் பக்கமும் மற்ற ஆற்று வாய்களிலும் மிஞ்சியிருக்கும் அலையாத்தி வெறும் காட்சிப் பொருள் அன்று. நாளைய சந்தையின் மீன் அங்கே வளர்கிறது.

முதலும் வட்டியும்

மீன்வள நிர்வாகம் என்ற பெரிய சொல்லைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பாட்டிமார்கள் அறிந்த கணக்குத்தான் அது. முதலைத் தொடாதே, வட்டியை எடுத்துச் செலவு செய். கடலில் உள்ள மீன் முதல். ஆண்டுதோறும் அது குஞ்சு பொரித்து வளர்ப்பது வட்டி. வட்டி அளவுக்குப் பிடித்தால் என்றைக்கும் பிடிக்கலாம். முதலில் கை வைத்தால் அடுத்த ஆண்டு வட்டியும் குறையும்.

கடல் சூடாவது வட்டி விகிதத்தைக் குறைப்பது போல. 2019இல் 'சயன்ஸ்' இதழில் கிறிஸ்டோபர் ஃபிரீ குழுவினர் உலகெங்குமுள்ள 235 மீன் கூட்டங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு: 1930க்கும் 2010க்கும் இடையில், நிலைத்துப் பிடிக்கக்கூடிய அளவு 4.1 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஜப்பான் கடல், வடகடல் உள்ளிட்ட சில கடல்களில் குறைவு 15 முதல் 35 விழுக்காடு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அளவுக்கு மேல் பிடித்துச் சோர்ந்துபோன கூட்டங்கள் சூட்டில் அதிகமாக அடிபட்டன. நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் நிலைமை மோசமாவது போல.

நான் படித்தவற்றில் எனக்கு நம்பிக்கை தந்ததும் இந்த வரிதான். கடலின் சூட்டை மலாக்கா மாநிலத்தால் தனியாகக் குறைக்க முடியாது. மலேசியாவாலும் முடியாது. ஆனால் எத்தனை மீனை, எந்த அளவில், எந்த மாதத்தில் பிடிப்பது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் மீனுக்குச் சூட்டைத் தாங்கும் வலு கூடும்.

எப்படிச் செய்வது? பக்கத்து நாடுகளில் சில பாடங்கள் இருக்கின்றன.

கேரளம் 2015இல் மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் வகுத்தது. மத்தி 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டர். அதற்குச் சிறியதைப் பிடித்தால் படகுக்கு அபராதம். முதலில் 14 இனங்களுக்கு வந்த விதி, 2017இல் 58 இனங்களுக்கு விரிந்தது. இங்கே நம் விதிகள் வலைக்கண்ணை அளக்கின்றன. மீனையும் அளக்கலாம், துறைமுகத்தில் ஓர் அடிக்கோல் போதும்.

வங்காளதேசம் தன் தேசிய மீனான இலிஷுக்குத் தடைக்காலம் வைத்தது. தமிழ்நாட்டில் உல்லம் என்று சொல்லும் இந்த மீனின் நெருங்கிய சொந்தம்தான் நம் தெருபோக். 'ஷாயிர் இக்கான் தெருபோக்' என்ற பழைய மலாய்க் கதைப்பாட்டின் நாயகனே அந்த மீன்தான்; இன்று மலாக்காவில் தெருபோக் முட்டையைத் தேடினாலும் கிடைப்பது அரிது. வங்காளதேசத்தில் அக்டோபர் முழுநிலவை ஒட்டி, தாய் மீன் முட்டையிட வரும் 22 நாள்களுக்கு இலிஷ் பிடிப்பதும் விற்பதும் குற்றம். குஞ்சு பிடிக்கவும் பல மாதத் தடை. தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு அரிசி தருகிறது. 2000களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2017-18இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. எல்லாப் பெருமையும் தடைக்கே என்று சொல்ல முடியாது. அரிசி போதவில்லை என்ற மீனவர் குறையும் உண்டு. ஆனால் வயிற்றுக்கு வழி செய்யாமல் தடை மட்டும் போட்டால் நடக்காது என்பதை அந்த நாடு புரிந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அதை ஒட்டிய பருவத்தில்தான் நமக்குப் புரட்டாசி. நாம் விரதத்துக்காக மீனைத் தொடுவதில்லை. அவர்கள் மீனுக்காகவே தொடுவதில்லை. ஒரு மாதம் மீன் இல்லாமல் வீடு நடக்கும் என்பதை நம் சமையலறைகள் ஆண்டுதோறும் நிரூபித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாவது பாடம் தமிழ்நாட்டிலிருந்து. அங்கே கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் சென்னைச் சங்கரா முட்டையிடும் மாதத்தையே மாற்றிக்கொண்டது என்று மேலே பார்த்தோமே. மீன் அக்டோபருக்குப் பிறகு முட்டையிட, காவல் ஏப்ரலில் நின்றால் அந்த மீனுக்கு என்ன பயன்? சூடாகும் கடலில் நிர்வாகம் நாள்காட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீனின் வயிற்றைத் திறந்து பார்த்து, தடைக்காலத்தைத் திருத்த வேண்டும். நம் நாட்டில் பினாங்கு பத்து மாவுங்கிலுள்ள மீன்வள ஆய்வுக் கழகம் போன்ற இடங்களுக்கு இருக்கும் வேலை அதுதான். வட்டார எல்லையும் வலைக்கண்ணும் 1980களின் கடலை வைத்து யோசிக்கப்பட்டவை. சில மாநிலங்களில் கரையோர எல்லை பின்னர் விரிவாக்கப்பட்டது. கடல் மாறும் வேகத்துக்கு விதியும் மாற வேண்டும்.

தட்டில் இருப்பவர்களுக்கு

நம்மில் மீனவர்கள் குறைவு. அதனால் இது நம் பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம். மலேசியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 50 கிலோவுக்கும் மேல் மீன் சாப்பிடுகிறார். உலகில் அதிகம் சாப்பிடும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. தெங்கிரி விலை ஏறினால் வசதியுள்ளவர் முணுமுணுத்துவிட்டு வாங்குவார். கெம்போங் விலை ஏறினால், செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்பேட்டையிலும் நாள் சம்பளத்துக்குப் போகும் வீட்டில் குழம்புச் சட்டியே மாறும். மீன் போன இடத்தில் முட்டையும், முட்டை போன இடத்தில் பொட்டல மீயும் வந்து உட்காரும். வளரும் பிள்ளையின் உடம்புக்குப் போக வேண்டிய சத்து இது. கடல் சூடாவதன் விலையை முதலில் கட்டுபவர்கள் கடலிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் உள்ளே, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் வெறும் பேச்சில்லை. பிள்ளையின் பள்ளிப் பையில் 15 சென்டிமீட்டர் அடிக்கோல் இருக்கும். அதைவிடக் குட்டையான கெம்போங்கை மலிவு என்று குவியலாக வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரை பிடிக்கவும் ஆள் இருக்கும். கெம்போங் விலை ஏறும் வாரங்களில் செலார், சென்சாரு, தம்பான் பக்கம் கையைத் திருப்புங்கள். புளிக்குழம்பு எதையும் கோபித்துக்கொள்ளாது. உம்பாயிலோ பெங்காலான் பாலாக்கிலோ நேரடியாகச் சிறு படகு மீனவரிடம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். கரையோர வட்டாரத்தைக் காப்பாற்ற அக்கறை உள்ளவர் அவர்தான்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை, கால்வாய், கோயில் மானியம் எல்லாம் கேட்கிறோம். ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: இன்னும் எவ்வளவு கடலை நிரப்பப் போகிறீர்கள், அலையாத்தியை எவ்வளவு விட்டுவைக்கப் போகிறீர்கள்? படிவம் ஐந்து முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, திரெங்கானுவிலுள்ள மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மீன்வள அறிவியலும் ஒரு படிப்பு என்று சொல்லி வையுங்கள். மீனின் கணக்கைப் பார்க்கும் மேசையில் நம் பிள்ளைகளும் உட்காரட்டும்.

வெந்நீர் ஏறும் கடலில் கெம்போங்குக்கு ஓட இடம் குறைவு. முட்டையிட்டுப் பெருக ஓர் ஆண்டு அவகாசமும், கரையோரத்தில் கொஞ்சம் சேறும் நிழலும் கொடுத்தால் அது இங்கேயே இருக்கும்.